பூட்டுப் போட்ட பொத்தான்

தும்பா ராக்கெட் ஏவுதளம் என்றதும் சைக்கிள் கேரியரில் ராக்கெட் பாகத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான் நமக்கு நினைவுக்கு வரும். 1963 நவம்பர் 21 அன்று பொழுது சாயும் வேளையில் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி அது. வானத்தில் சோடியம் ஆவியை உமிழ்ந்து ஆரஞ்சு நிறக் கோடு ஒன்றைப் போட்டது. அன்று இரண்டு சிக்கல்கள் வந்தன. ராக்கெட்டைத் தூக்கும் கிரேனில் ஹைட்ராலிக் கசிவு ஒன்று. தொலைவிலிருந்து ஏவும் கருவியில் கோளாறு இன்னொன்று. கிரேன் மக்கர் செய்ததையும், ஆட்கள் கைகொடுத்து ராக்கெட்டை நிறுத்தியதையும் நாம் ரசித்துச் சொல்கிறோம். அந்த இரண்டாவது கோளாறைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் ராக்கெட்டின் அருகில் நிற்கும் மனிதர் உயிரோடு வீடு திரும்புவது அந்த இரண்டாவது கருவியை நம்பித்தான்.

அதன் குட்டி வடிவம் ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். தென்காசியில் பைக் உதிரிபாகக் கடை, எலெக்ட்ரிக்கல் கடை, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை என்று மூன்று படி ஏறி இறங்கினால் சாமான் அத்தனையும் கைக்கு வந்துவிடும். மாதிரி ராக்கெட் விடுபவர்கள் உலகம் முழுக்க இதை 'லாஞ்ச் கன்ட்ரோலர்' என்கிறார்கள். பேட்டரி, சாவி போட்டுத் திருப்பும் சுவிட்ச், அழுத்தும் பொத்தான், சிவப்பு விளக்கு, நீளமான ஒயர், ஒயரின் நுனியில் இரண்டு குரோக்கடைல் கிளிப். அவ்வளவுதான். பார்த்தால் ஏதோ பள்ளிக் கண்காட்சி சாமான் மாதிரி இருக்கும். ஆனால் இதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால், பொத்தானை அழுத்தினால் பற்ற வேண்டும் என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்கக் கூடாது. எப்போதெல்லாம் பற்றக் கூடாது என்று கேட்டு, அந்தப் பட்டியலுக்குக் கருவி செய்ய வேண்டும்.

தீபாவளி ராக்கெட்டோடு ஒப்பிட்டால் இது விளங்கும். பாட்டிலில் நிறுத்தி, ஊதுபத்தியால் திரியைக் கொளுத்திவிட்டு ஓடுகிறோம். திரி எரிய ஆரம்பித்த பிறகு, பக்கத்து வீட்டுக் குழந்தை குறுக்கே ஓடி வந்தாலும் திரும்ப அழைக்க வழியில்லை. பாட்டில் சாய்ந்தாலும் அதே கதிதான். மின்சாரத்தால் பற்றவைத்தால் இந்தக் கட்டாயம் இல்லை. பொத்தானை அழுத்தும் கடைசிக் கணம் வரை 'வேண்டாம்' என்று சொல்ல முடியும். 1954இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர், காகிதக் குழாயில் பறக்கும் சிறிய ராக்கெட்டையும் ஒருமுறை மட்டும் பயன்படும் மோட்டாரையும் செய்தார். வொயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அதை ஒரு பொழுதுபோக்காக வளர்த்தெடுத்தார். 1957இல் ஸ்புட்னிக் பறந்ததும், இரும்புக் குழாய்களில் கண்ட மருந்தையும் அடைத்து விரல்களை இழந்துகொண்டிருந்த பையன்களுக்குக் கிடைத்த மாற்று வழி அது. மோட்டாரை ஆலையில்தான் செய்ய வேண்டும், உடல் காகிதத்திலோ இலகுவான கட்டையிலோதான் இருக்க வேண்டும், பற்றவைப்பது மின்சாரத்தால்தான். இந்த மூன்றும் அன்றைக்கே விதியாகிவிட்டன.

பற்றவைப்பது எப்படி நடக்கிறது? மோட்டாரின் வாய்க்குள் மெல்லிய நைக்ரோம் கம்பி ஒன்று நுழைக்கப்பட்டிருக்கும். அதன் நுனியில் எளிதில் தீப்பிடிக்கும் பூச்சு. இதற்கு இக்னைட்டர் என்று பெயர். தடை ஓர் ஓமுக்கும் குறைவு, 0.8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆம்பியர் அளவில் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சிவந்து, பூச்சு பற்றி, மருந்துக்குத் தீ தாவும். அதற்கு மேல் பாய்ந்தால் உடனே பற்றும். குறைந்தால் கம்பி சுடும், அதோடு சரி.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இந்த 0.8 ஓம்தான். சிறிய சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் வைத்தால் ஒன்பது வோல்ட் அப்படியே காட்டும். இக்னைட்டரில் மாட்டினால் ஒன்றும் நடக்காது. காரணம் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை. மலிவான வகை, கொஞ்சம் பழசு என்றால் உள்தடை இருபது ஓம் இருக்கும். வெளியே இருப்பது ஓர் ஓம். மொத்தம் இருபத்தோரு ஓமுக்கு ஒன்பது வோல்ட் தள்ளினால் அரை ஆம்பியர்கூட வராது. வெப்பமெல்லாம் பேட்டரியின் வயிற்றுக்குள் செலவாகிறது. மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. அது பேட்டரியிடம் வேலை வாங்காமல் விசாரித்தது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.சுக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இதற்குப் பொருத்தம். அதன் உள்தடை ஓர் ஓமில் சிறு துளி. யு.பி.எஸ்.சை அரை மணி நேரம் தாங்காததால் கழற்றி வைத்த பழைய பேட்டரிகூட ஒரு நொடிக்குப் பத்து ஆம்பியர் கொடுத்துவிடக்கூடும். நம்ம ஊர் மின்வெட்டு இப்படி ஒரு நன்மையும் செய்திருக்கிறது.

அடுத்தது ஒயர். பத்து மீட்டர் தள்ளி நிற்கிறோம் என்றால் போகவும் வரவும் இருபது மீட்டர் செம்பு. எலெக்ட்ரிக்கல் கடையில் 'ஒன் ஸ்கொயர்' என்று கேட்டு வாங்கும் ஒயரில் இருபது மீட்டருக்குத் தடை 0.34 ஓம். இக்னைட்டரையும் கிளிப்பையும் பேட்டரியையும் சேர்த்தால் மொத்தம் 1.2 ஓம் சுமார். பன்னிரண்டை அதால் வகுத்தால் பத்து ஆம்பியர். இக்னைட்டரில் 80 வாட் வெப்பம். காசை மிச்சப்படுத்த நினைத்து ஐந்தில் ஒரு பங்கு குறுக்குவெட்டுப் பரப்புள்ள மெல்லிய ஒயரைப் போட்டால் ஒயரின் தடை மட்டும் 1.7 ஓம் ஆகிவிடும். மின்னோட்டம் 4.7 ஆம்பியருக்கு இறங்கும். பாதியாவது வருகிறதே என்று தோன்றும். ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எண்பது வாட் சுமார் பதினெட்டுக்கு விழுகிறது, நான்கில் ஒரு பங்குக்கும் கீழே. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் மின்னோட்டவியல் பாடத்தில் ஓம் விதியும் ஜூல் விதியும் மதிப்பெண்ணுக்காகப் படித்துக் கடந்துவிடும் சமாசாரங்கள். இங்கே ராக்கெட் கிளம்புவதும் கிளம்பாமல் முறைப்பதும் அவற்றின் கையில் இருக்கிறது.

தூரம் கூட வேண்டுமென்றால் ஒயரைத் தடிமனாக்கிக்கொண்டே போக வேண்டியதில்லை. பேட்டரியை ராக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்து, நடுவில் ரிலே போடலாம். பைக்கிலும் காரிலும் ஹாரனுக்குப் போடும் நான்கு கால் ரிலே முப்பது ஆம்பியர் வரை தாங்கும். அதன் காயிலுக்கு 150 மில்லி ஆம்பியர் போதும் என்பதால் நம் கைக்கு வரும் ஒயர் எவ்வளவு மெல்லியதாகவும் இருக்கலாம். காயிலின் குறுக்கே ஒரு டயோடைத் திருப்பிப் போட மறக்கக் கூடாது. இல்லையென்றால் காயிலை அணைக்கும்போது எழும் உதைப்பு பொத்தானின் முனைகளைத் தின்றுவிடும். ரிலேயில் வேறொரு வம்பும் இருக்கிறது. பெரிய மின்னோட்டம் பாயும்போது அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிவிட்டால் பொத்தானை விட்ட பிறகும் கிளிப்பில் மின்சாரம் நிற்கும். அடுத்த ராக்கெட்டுக்குக் கிளிப் மாட்டக் குனிகிறவர் முகத்துக்கு நேரே அது பற்றும். அதனால் ரிலே போட்ட பெட்டியில், கிளிப் முனையில் மின்சாரம் இருந்தால் கத்தும் பஸ்ஸர் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். பேட்டரியின் வாயிலேயே ஒரு சுவிட்சும் வேண்டும்.

இனி அந்தச் சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பியதும் அது எரிந்தால் இக்னைட்டர் வழியாகச் சுற்று முழுமையாக இருக்கிறது என்று பொருள். ஆயிரம் ஓம் தடையோடு ஓர் எல்.இ.டி. போட்டால் பாய்வது பத்து மில்லி ஆம்பியர்; பற்றவைக்கத் தேவையானதில் இருநூறில் ஒரு பங்கு. எல்.இ.டி.க்குப் பதில் பைக் இண்டிகேட்டர் பல்பு போட்டால் கால் ஆம்பியரோ அதற்கு மேலோ பாயும். சாதாரண இக்னைட்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும். குறைந்த மின்னோட்டத்தில் பற்றும் வகை என்றால் சோதனை விளக்கே ஏவிவிடும்.

விளக்கு எரிந்தால் எல்லாம் சரி என்றும் எண்ண வேண்டாம். இரண்டு கிளிப்பும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தாலும் சுற்று முழுமைதான், விளக்கு எரியும்தான். பொத்தானை அழுத்தினால் மின்சாரம் இக்னைட்டரைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் ஓடிவிடும். இதைப் பிரித்தறிய மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துக் கிளிப்புகளுக்கு நடுவே பார்க்கலாம். பத்து மில்லி ஆம்பியர் 0.8 ஓம் வழியாகப் பாய்ந்தால் எட்டு மில்லிவோல்ட் காட்டும். கிளிப்புகள் ஒட்டியிருந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். குற்றாலச் சாரலில் ஒரு சீசன் நனைந்த கிளிப்பில் பச்சை ஏறியிருந்தால் நேர்மாறு: மில்லிவோல்ட் எகிறும். அப்போது உப்புத்தாளால் கிளிப்பின் பற்களைத் தேய்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடர வேண்டும்.

சாவிக்கு வருவோம். பைக்கின் இக்னிஷன் சுவிட்சே போதும். பொத்தான் காலிங் பெல் சுவிட்ச் மாதிரி, கையை எடுத்ததும் தானே திரும்பிவிடும் வகையாக இருக்க வேண்டும். இரண்டும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். சாவி இல்லாமல் பொத்தானுக்கு உயிர் இல்லை. ராக்கெட்டுக்குப் பக்கத்தில் போகிறவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். பெட்டியில் விட்டுப் போகக் கூடாது. தொடராக இணைத்த பூட்டையும் தானே திரும்பும் பொத்தானையும் அமெரிக்க மாதிரி ராக்கெட் சங்கத்தின் விதிகளும் கேட்கின்றன. டி வகை வரையிலான சிறிய மோட்டாருக்கு 15 அடியும், பெரியவற்றுக்கு 30 அடியும் தள்ளி நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தியும் பற்றவில்லை என்றால், சாவியை உருவி, அறுபது நொடி காத்திருந்த பிறகே கிட்டே போகலாம். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும் தீக்கு அந்த ஒரு நிமிடம்.

இந்த ஒரு நிமிடம்தான் மனிதர்களுக்குக் கடினமானது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எண்ணிக்கை பூஜ்யம் வரை சொல்லியாகிவிட்டது, ராக்கெட் அசையவில்லை. உடனே ஓடிப்போய்ப் பார்க்கக் கால் துடிக்கும். பள்ளிப் பையன்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 முதன்முறையாகக் கிளம்பக் காத்திருந்தது. புறப்படச் சற்று முன்பு கணினி எண்ணிக்கையை நிறுத்தி, ஏவ வேண்டாம் என்றது. நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துப் பரவாயில்லை என்றார்கள். திட்ட இயக்குநரான அப்துல் கலாம் கணினியைப் புறந்தள்ளி ஏவச் சொன்னார். முதல் கட்டம் நன்றாகவே எரிந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்து தீர்ந்துபோயிருந்ததால் ராக்கெட் நிலைதடுமாறி வங்கக் கடலில் விழுந்தது. பின்னாளில் மாணவர் கூட்டங்களில் கலாமே பலமுறை சொன்ன கதை இது. தோல்விக்குத் தாம் பொறுப்பேற்றுப் பத்திரிகையாளர்களைச் சந்தித்த அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானின் பெருந்தன்மைக்காக இதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். தவறில்லை. ஆனால் 'வேண்டாம்' என்று சொன்ன கணினி சரியாகத்தான் சொன்னது என்ற பகுதி மேடைகளில் காணாமல் போய்விடுகிறது.

இஸ்ரோ அதை மறக்கவில்லை. 2001 மார்ச் 28 அன்று ஜி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம். பக்கவாட்டில் இருக்கும் நான்கு திரவ எஞ்சின்கள் நடு மோட்டாருக்குச் சில நொடிகள் முன்பே எரியத் தொடங்கும்படி அமைத்திருந்தார்கள். அடியில் தீ தெரிந்தது. நான்கில் ஒன்று போதிய உந்துவிசையைத் தரவில்லை என்று கண்ட கணினி, கிளம்ப ஒரு நொடி இருக்கையில் எல்லாவற்றையும் அணைத்தது. திரவ எஞ்சினை அணைக்கலாம். நடுவில் இருக்கும் திட எரிபொருள் பற்றிவிட்டால் அணைக்கவே முடியாது. அதனால்தான் இந்த வரிசை. இருபத்தொரு நாள் கழித்து, ஏப்ரல் 18 அன்று, அதே ராக்கெட் கிளம்பிப் பறந்தது. பக்கவாட்டில் இருந்த விகாஸ் எஞ்சின் நமக்கு அந்நியமானதல்ல. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் பணகுடிக்குப் பக்கத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் குடும்பம்தான். 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் சோதனை ராக்கெட்டையும் தானியங்கிக் கணினி ஐந்து நொடி இருக்கையில் நிறுத்தியது. கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து அன்றே காலை பத்து மணிக்கு ஏவினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ராக்கெட்டைப் பறக்கவிடும் முன் பலமுறை எண்ணிக்கையை நிறுத்தியிருக்கிறது. நிறுத்தும்போதெல்லாம் தொலைக்காட்சியில் 'ஏமாற்றம்' என்று எழுத்து ஓடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது அந்தக் கருவிதான்.

தென்காசியில் இந்தப் பெட்டிக்கு உள்ளூர்க் கடமை ஒன்றும் உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடையநல்லூர், ஆய்க்குடி, சுரண்டை என்று நிற்கும் காற்றாலைகளே சாட்சி. குற்றாலத்தில் அருவி கொட்டும் ஜூன், ஜூலையில் கீழே வயல்வெளியில் காற்று பேயாக அடிக்கும். சிறிய ராக்கெட்டுக்கு வால்பக்கம் இறகு இருப்பதால், கம்பியை விட்டு மெதுவாக வெளியேறும்போது காற்று அதன் வாலைத் தள்ளும். மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். மேற்கே சாய்ந்து போய், பாரசூட் விரிந்த பிறகு கிழக்கே வெகுதூரம் மிதந்து, ஏதாவது தென்னை மரத்திலோ மின்கம்பியிலோ தொங்கும். காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் ஏவக் கூடாது என்பது அதே சங்கத்தின் விதி. கிண்ணம் சுழலும் சிறிய காற்றுமானியை ஒரு மைக்ரோகன்ட்ரோலரோடு இணைத்து, சாவிக்கும் பொத்தானுக்கும் நடுவே மூன்றாவது பூட்டாகப் போட்டுவிடலாம். வேகம் வரம்பைத் தாண்டினால் சுற்று திறந்துகொள்ளும். நாம் எவ்வளவு ஆசையாக அழுத்தினாலும் பலிக்காது. மைக்ரோகன்ட்ரோலரிடம் ஏவும் வேலையை மட்டும் ஒப்படைக்காதீர்கள். மின்சாரம் வந்து அது கண் விழிக்கும் கணத்தில் அதன் கால்கள் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தடுக்கும் வேலைக்கு அது போதும். மலிவான ரிமோட் பெல்லைப் பிரித்து ஒயர்லெஸ் ஏவுகருவி செய்யும் யோசனையும் வேண்டாம். பக்கத்துத் தெருப் பொத்தானுக்கு நம் வீட்டு மணி அடிப்பதை நாமே கேட்டிருப்போம்.

இவ்வளவும் சொன்ன பிறகு மோட்டாருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பொம்மைக் கடையில் கிடைக்கும் மாதிரி ராக்கெட் மோட்டார் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. மருந்து அடைத்த எதுவும் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டது. உரிமம் பெற்ற சிவகாசி ஆலைகளிலேயே விபத்து ஓயவில்லை. சமையலறையில் கலந்து பார்க்கலாம் என்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

ஆனால் பெட்டி வீணாகாது. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்துவிடும் தண்ணீர் ராக்கெட்டுக்கும் இதே பெட்டி பொருந்தும். அதுவும் ஆபத்தில்லாத விளையாட்டு இல்லை. நான்கு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் விறைத்து நிற்கும் பாட்டில் வெடித்தால் முகத்தைப் பதம் பார்க்கும். கிட்டே போய்க் கயிற்றை இழுப்பதைவிடத் தள்ளி நின்று விடுவிப்பதே சரி. இக்னைட்டர் இருந்த இடத்தில் கார்க் கதவின் சென்ட்ரல் லாக் மோட்டாரை மாட்டுங்கள். பன்னிரண்டு வோல்ட், சில ஆம்பியர். ஓர் இழுப்பில் பாட்டிலைப் பிடித்திருக்கும் கொக்கியை விடுவித்துவிடும். அதே பேட்டரி, அதே சாவி, அதே சிவப்பு விளக்கு. விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, மில்லிவோல்ட் அளப்பது, எண்ணுவது, நிறுத்துவது எல்லாம் அப்படியே. பற்றாத ராக்கெட்டுக்கு அறுபது நொடி என்றால், கிளம்பாத பாட்டிலுக்குக் காற்றைத் தொலைவிலிருந்தே திறந்துவிடும் வால்வு ஒன்று பம்ப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது செயற்கைக்கோள் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தென்காசிப் பிள்ளைகள் அரைநாளில் போய்வரக்கூடிய தூரத்தில் இனி ராக்கெட் பறக்கப் போகிறது. அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கும் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள், முப்பரிமாண அச்சு எந்திரத்தில் சாவிக்கொத்து செய்வதைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பாடவேளை இந்தப் பெட்டிக்கு ஒதுக்க வேண்டும். மாணவர்களே ஒயரின் தடையைக் கணக்கிடட்டும், அளக்கட்டும், எதனால் வித்தியாசம் வந்தது என்று சண்டை போடட்டும். அருவிச் சீசன் முடிந்து காற்று அடங்கிய பிறகு, அறுவடையான வயலில் அதிகாலையில் ஏவிப் பாருங்கள். பெட்டிக்கு ஒரே ஒரு சாவிதான் இருக்க வேண்டும். மாற்றுச் சாவி போட்டு வைக்காதீர்கள்.